நர்சம்மாவுக்கும் ஓய்வு வேண்டாமா?

'வெயிட் தூக்காதீங்க, ஆறு வாரம் ரெஸ்ட் எடுங்க' - கர்ப்பப்பையை எடுத்த பெண்களிடம் கிராம சுகாதார செவிலியர்களான நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்கிற பாடம் இது. அதே ஆபரேஷன் எங்களுக்கு நடந்தால்?

எனக்கு நடந்தது. பன்னிரண்டாம் நாளே வாசலில் ஆள். "சிஸ்டர், மருமகளுக்குக் கால் வீங்கியிருக்கு, ஒரு எட்டு வந்து பாருங்களேன்!" வெறும் கால் வீக்கம் என்றால் பரவாயில்லை. தலைவலி, கண் மங்கலும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம்; வலிப்பில் கொண்டுபோய் விடும். விசாரித்தேன், இரண்டும் இருந்தது. "உடனே 108-க்கு போன் போடுங்க" என்றேன். முடியாதுன்னு சொல்ல மனசு எப்படி வரும்?

ஊர்க்காரர்களைக் குறை சொல்லவில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. பல இடங்களில் கர்ப்பிணிகளைப் பார்க்க ஒரே ஒரு செவிலியர்தான். அவர் படுத்தால் பக்கத்து ஊர் சிஸ்டர் தலையில் இரண்டு பங்கு வேலை. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, பிள்ளை பெற்ற வீடு என்று அவர் அல்லாடுவதைப் பார்த்துவிட்டு, பாதி ஆறின வயிற்றோடு பையைத் தூக்கிக் கிளம்பிவிடுகிறோம். இருமினால்கூட வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடிக்க வேண்டிய நேரம் அது! வெளித்தையல் காய்ந்தாலும் உள்ளே ஆற நாளாகும்.

லீவு தருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. மாற்று ஆள் இல்லாத லீவு என்ன லீவு? வட்டாரத்துக்கு இரண்டு செவிலியர்களையாவது இதற்கென்றே வைக்கலாம்.

அதுவரை, உங்க நர்சம்மா படுத்திருந்தா கொஞ்சம் ரசம் வெச்சுக் கொடுங்க, ரெண்டு குடம் தண்ணி பிடிச்சு வைங்க. அவசரம்னா நேரா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிடுங்க.