ஜென் என்பது குட்டிக்கதை அல்ல

ஜென் என்றால் கோவையில் முப்பது வயதைத் தாண்டிய பலருக்கு முதலில் ஞாபகம் வருவது மாருதி ஜென் கார்தான். அதை விட்டால் டீக்கோப்பை கதை. ஞானம் தேடி வந்த பேராசிரியருக்கு குரு டீ ஊற்றுகிறார், கோப்பை நிரம்பி வழிகிறது, அப்புறமும் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்... மீதி எல்லோருக்கும் தெரியும். பட்டிமன்ற மேடை, சுயமுன்னேற்றப் புத்தகம், காலேஜ் ஆண்டு விழா என்று இந்தக் கதை ஏறாத இடமில்லை. கேட்டவர்கள் தலையாட்டி, கைதட்டி, வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். யாருடைய கோப்பையும் காலியானதாகத் தெரியவில்லை!

புதிதாக ஜென் பக்கம் வருகிறவர்களுக்கு இருக்கும் முதல் சிக்கல் இதுதான். அது கதையாக வந்து சேர்ந்துவிட்டது. ரசித்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

ஆனால் பெயரே வேறு சொல்கிறது. தியானம் என்ற வடமொழிச் சொல் பாலியில் 'ஜான' ஆகி, சீனாவில் 'சான்' ஆகி, ஜப்பானுக்குப் போய் 'ஜென்' ஆனது. அங்கே முக்கியமான பயிற்சிக்கு 'ஸாஸென்' என்று பெயர். உட்கார்ந்து செய்யும் தியானம், அவ்வளவுதான். முதுகை நிமிர்த்தி, கண்ணை முழுக்க மூடாமல், சுவரையோ தரையையோ பார்த்தபடி அசையாமல் உட்காருவது. வெளியிலிருந்து பார்த்தால் இதைவிட சுவாரசியமில்லாத காரியம் கிடையாது.

அப்படியானால் கதைகள் எதற்கு? ஜென்னில் 'கோஆன்' என்று ஒன்று உண்டு. பதில் சொல்ல முடியாதது போலத் தோன்றும் ஒரு கேள்வி, அல்லது ஒரு சின்ன உரையாடல். 13ஆம் நூற்றாண்டில் சீனாவில் தொகுக்கப்பட்ட 'மும்மொன்கான்' நூலில் 48 கோஆன்கள் இருக்கின்றன. கதைகளை மட்டும் படிப்பதென்றால் காந்திபுரத்தில் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதற்குள் முடித்துவிடலாம். ஆனால் கோஆன் முறையில் பயிற்சி செய்பவர் ஒரே ஒரு கோஆனோடு வாரக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். தனியாக குருவிடம் போய்த் தன் பதிலைக் காட்டுவார். சரியில்லை என்றால் குரு மணியை அடிப்பார். எழுந்து போய் மறுபடி உட்கார வேண்டியதுதான். புத்திசாலித்தனமான விளக்கம் அங்கே செல்லாது. ஆக, புத்தகத்தில் கோஆன் படிப்பது பரோட்டாக் கடை வாசலில் நின்று வாசம் பிடிப்பது மாதிரி. வாசம் நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது சிக்கல் பெருமை. 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு போதிதர்மர் தமிழர் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. படத்தில் மருத்துவமும் சண்டையும்தான் பெரிதாகத் தெரிந்தன. வரலாறு அவ்வளவு சுலபமாக இல்லை. அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, 547ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது, அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. அதற்குப் பின் வந்த இன்னொரு குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சிபுரம், பல்லவர் என்பதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. அவர் தமிழராகவே இருக்கட்டும். ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார் என்று மரபு சொல்கிற ஆளைக் கொண்டாடுகிறவர்கள், ஒன்பது நிமிடம் உட்கார்ந்து பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

கொங்கு மண்ணில் இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். ஷிஃப்ட் கணக்கில் மில் ஓட்டியும், தறி ஓட்டியும், கிணற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் பார்த்தும் முன்னுக்கு வந்த ஊர்கள் இவை. "ஏனுங்க, சும்மா உக்காந்திருந்தா சோறு வந்துருங்ளா?" என்பது இங்கே நியாயமான கேள்வி. அதனால் தியானம் என்றாலும் அதற்கு ஒரு லாபம் காட்டியாக வேண்டும். ஞாபக சக்தி கூடும், டென்ஷன் குறையும், இன்டர்வியூவில் பதறாமல் பேசலாம்! இதெல்லாம் கிடைக்கவும் கிடைக்கலாம். ஆனால் 13ஆம் நூற்றாண்டு ஜப்பானில் ஸோட்டோ பிரிவைத் தொடங்கிய டோகன் சொன்னது இதற்கு நேர் எதிர். ஏதோ ஒன்றை அடைவதற்காக உட்காராதே, உட்காருவதே விழிப்புதான் என்றார் அவர். இது ஏதோ அன்னியச் சரக்கு அல்ல. சும்மா இருத்தலைத் தாயுமானவரும் அருணகிரிநாதரும் எவ்வளவு பெரிய காரியமாகப் பாடினார்கள் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அதே 'சும்மா' இன்று வீடுகளில் திட்டுகிற வார்த்தை.

ஜென் பழக ஜப்பானுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி போய், அங்கிருந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறினால், அது வத்தலகுண்டு சாலையோடு சேரும் இடம் பெருமாள்மலை. அங்கே 1996இல் தொடங்கப்பட்டது போதி ஸென்டோ. தொடங்கியவர் அமா சாமி என்ற ஏசுசபைப் பாதிரியார். 1936இல் பர்மாவில் பிறந்தவர். ஜப்பானின் காமகுராவில் யமதா கோஉன் என்ற குருவிடம் பயின்று, 1982இல் கற்பிக்கும் அனுமதி பெற்றார். பாதிரியாராக இருந்துகொண்டே ஜென் குருவும் ஆனார்! அந்த யமதாவும் மொட்டையடித்த துறவி அல்ல, குடும்பஸ்தர், டோக்கியோவில் ஒரு மருத்துவ நிலையத்தின் நிர்வாகத்தைப் பார்த்தவர். மதம் மாறினால்தான் ஜென், வீட்டை விட்டால்தான் ஜென் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு பேரே போதும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உட்கார்ந்தால் எல்லாம் நல்லவர்களாகிவிடுவார்கள் என்பது பொய். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவத்துக்கு ஜென் குருமார்கள் பலர் ஒத்து ஊதினார்கள். பிரையன் விக்டோரியா 1997இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார். யமதாவின் குருவான யசுதானியும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர் உருவாக்கிய அமைப்பே பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்தது. அளவு மீறிப் பயிற்சி செய்து உடம்பும் மனசும் கெட்டுப்போன அனுபவத்தை ஹகுயின் என்ற பெரிய குருவே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே குரு சொன்னால் எதையும் செய்யலாம் என்று போகிறவர்கள் கதை படிப்பதோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

மற்றவர்களுக்கு ஆரம்பப் பயிற்சி ரொம்பச் சாதாரணமானது. மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். நடுவில் கவனம் தப்பினால் மறுபடி ஒன்று. மூன்று வருவதற்குள் மனசு உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கும் கேன்டீனுக்கும் நாளைய அசைன்மென்டுக்கும் போய்விடும். ஐந்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். பத்து வரை ஒருமுறை போய்ச் சேருவதற்கே பல பேருக்குச் சில நாட்கள் ஆகும்.