‘ஒரே வரியில் போட்டுவிடலாம் சார்’ என்கிற பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. மணியடித்த பிறகும் பாடம் நடத்தியவன் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள்.

ஒரு விக்கித் தளத்தை மொத்தமாக இறக்கி, இணையம் இல்லாத கணினியில் படிக்கும்படி கோப்பாக்கித் தரும் கட்டளைவரிக் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை டெபியன் லினக்ஸுக்கு முறையான பொதியாக ஆக்கித் தாருங்கள் என்று மென்பொருள் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலரிடம் கேட்டேன். எல்லோருக்கும் ஒரே பதில்: “அதெல்லாம் பழைய காலம் சார். தளத்தில் ஒரு வரி கொடுத்திருப்பான், காப்பி பண்ணி டெர்மினலில் ஒட்டுங்க, முடிஞ்சுது.”

முடியவில்லை தம்பிகளா. அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இருப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒரு குளோப் வாங்கினாலும் எப்போது வந்தது, யாரிடம் இருக்கிறது, எப்போது கழிக்கப்பட்டது என்று எழுத வேண்டும். டெபியன் பொதி அந்தப் பதிவேடுதான். உரிமம் என்ன என்று ஒரு கோப்பு, என்ன மாறியது என்று ஒரு கோப்பு, எவற்றை நம்பி ஓடுகிறது என்று ஒரு கோப்பு. எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்பது வரை கணக்கு உண்டு. முழுவதுமாக நீக்கச் சொன்னால் அமைவுக் கோப்புகளும் சேர்ந்து போகும். நீங்கள் சொல்லும் ‘ஒரு வரி’, முகம் தெரியாதவர் எழுதியதை சூடோ அதிகாரத்தோடு ஓடவிடுவது. பீரோ சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே என்ன வைத்தார் என்று கேட்காமல் இருப்பது.

கிவிக்ஸ் தெரியும் அல்லவா? விக்கிப்பீடியாவை ‘ஜிம்’ கோப்பாக இணையமின்றிப் படிக்க உதவுவது. அந்தக் கோப்பைப் படிக்கும் கருவிகள் டெபியனில் இருக்கின்றன. ஏபிடி இன்ஸ்டால் என்றால் வந்துவிடும். ஆனால் மீடியாவிக்கி தளத்திலிருந்து அந்தக் கோப்பை உருவாக்கும் எம்.டபிள்யூ.ஆஃப்லைனருக்கு என்.பி.எம். அல்லது டாக்கர் என்கிறார்கள். அதாவது பிறர் கட்டிக்கொடுத்த சோற்றை உண்ண வசதி இருக்கிறது. நம் சோற்றை நாமே கட்டத்தான் வழி சிக்கல்.

ஏன் ஆக்கவில்லை என்றால், அது நோட்.ஜேஎஸ்-இல் எழுதியது, சார்புகள் ஏராளம், அவற்றையும் பொதியாக்க வேண்டும், டெபியனில் பொதி கட்டும்போது இணையத்திலிருந்து எதையும் இழுக்கக் கூடாது என்கிறீர்கள். உண்மை. கடினமான வேலைதான். ஆனால் அந்த விதி வீம்புக்கு வைத்ததல்ல. 2016இல் 11 வரி நிரல் ஒன்றை எழுதியவர் என்.பி.எம்.-இலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்ட முடியாமல் நின்றனவே, மறந்துவிட்டதா?

‘டெபியனில் மட்டும் பாதுகாப்பா? எக்ஸ்இசட் என்ன ஆச்சு?’ என்று ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. 2024இல் அந்த நச்சு நிரல் டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்தது. ஸ்டேபிளுக்குள் நுழையவில்லை. நீங்கள் கேலி செய்யும் அந்தத் தாமதம்தான் காத்தது. தாமதத்துக்கு விலையும் உண்டு என்பதை மறைக்கவில்லை: விக்கித் தளம் மாறிவிட்டால் ஸ்டேபிளில் இருக்கும் பழைய கருவி திணறும். அதற்குத்தான் பேக்போர்ட்ஸ் என்று வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கென்ன அவசரம் என்று உறவினர்கள் கேட்கலாம். உலகமெங்கும் ஆசிரியர்கள் பாடக்குறிப்பு எழுதி வைத்த விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடத் தொடங்கியது. எடுத்து வைத்தவர்களுக்கு இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. எடுத்து வைக்கும் கருவிக்கும் ஆயுள் வேண்டும். விக்கிடீம் குழுவின் இறக்கும் நிரல் பைத்தான் 2இல் எழுதியது. 2020 தொடக்கத்தோடு அந்த மொழிப் பதிப்புக்கே ஆதரவு நின்றது. டெபியன் 12இல் பைத்தான் 2 இல்லவே இல்லை. டெபியனுக்குள் இருக்கும் பொதி என்றால், இப்படி ஒன்று கழியும்போது பொதிக்குப் பொறுப்பானவருக்குப் பிழையறிக்கை போகும். உங்கள் ‘ஒரு வரி’க்கு யார் கடிதம் போடுவார்?

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அரசு கொடுத்த மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ் டெபியனை அடியாகக் கொண்டது. உபுண்டுவும் அப்படியே. ஒருவர் ஒருமுறை டெபியனுக்குள் சேர்த்தால், அடுத்தடுத்த பதிப்புகள் வழியாக எத்தனையோ ஊர்களுக்குப் போய்ச் சேரும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். இணையம் எட்டாத மலைப்பள்ளிக்குப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். அங்கே போய் டாக்கர் என்று பாடம் எடுக்கப் போகிறீர்களா?

முதல் வேலை, இதைப் பொதியாக்கப் போகிறேன் என்று டெபியனில் ஒரு அறிவிப்பு பதிவது. அதற்குப் பிறகு ஆதரவாளர் ஒருவர் பார்த்து ஏற்ற வேண்டும். அதை உங்களில் யாராவது செய்யுங்கள். நிரலுக்குக் கையேட்டுப் பக்கம் வேண்டும் என்பது டெபியன் விதி. தமிழ்ப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். கட்டளை விருப்பங்களின் பட்டியலை மட்டும் அனுப்புங்கள்.