ஆற்றுணாவும் அச்ச மூட்டையும்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் சிங்கப்பூரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மகிழுந்தைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு மளிகைக் கடையே இருக்கும். பொன்னி அரிசி, துவரம் பருப்பு, புளி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், ஊறுகாய்ப் போத்தல். இவற்றோடு தேக்காச் சந்தையில் முதல் நாள் வாங்கிய முட்டைக்கோசும் தக்காளியும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, தாப்பாவில் மலையேறி, தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் கடந்து கியா பார்மில் அந்த மூட்டை இறங்குகிறது. கடல் மட்டத்திற்கு 1,500 மீட்டருக்கு மேற்பட்ட அந்தச் சிற்றூரின் சாலையோரம் எங்கும் குவிந்து கிடப்பவை எவை? முட்டைக்கோசு, தக்காளி, கீரை, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு!

கேமரன் மலையின் காய்கறிகள் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாவது பல்லாண்டு வழக்கம். எனவே தேக்காவில் வாங்கப்பட்ட முட்டைக்கோசு கியா பார்ம்ச் சரிவிலேயே விளைந்து, லாரியில் இறங்கி, எல்லை கடந்து, விலை ஏறி, மீண்டும் தான் பிறந்த மலைக்கே திரும்பி வந்ததாகவும் இருக்கலாம். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைப் பார்த்து நகைத்த சமுதாயம், கொல்லன் தெருவுக்கே ஊசி மூட்டையைச் சுமந்து செல்லும் தன்னைப் பார்த்து நகைக்க மறந்துவிட்டது.

இவ்வழக்கத்திற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய வேண்டும்.

சிக்கனம் என்பது முதற்காரணம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் காலத்தில், சிங்கப்பூர் விலையில் வாங்கி மலேசிய மலைக்குச் சுமப்பது எந்தக் கணக்கில் சிக்கனமாகும்? வாணிகத்தில் பேர்பெற்ற இனத்திற்கு இந்தச் சிறு கணக்கு தெரியாமல் இல்லை. ஆகவே உண்மைக் காரணம் வேறு.

உடல்நலம் என்பது இரண்டாவது காரணம். இதில் நியாயம் உண்டு. பச்சிளங் குழந்தைக்கு வேண்டிய கஞ்சி மாவையும், நீரிழிவு நோயுற்ற முதியவருக்கு ஏற்ற தானியத்தையும், விரதம் காப்போர் உண்ணும் பொருளையும் எடுத்துச் செல்வதை எவரும் குறை கூறார். அவை ஒரு சிறு பையில் அடங்கும். ஆனால் நால்வர் மூன்று நாள் தங்குவதற்கு நாற்பது பேருக்கு வேண்டிய மளிகையைக் கட்டுவது நலம் பேணுவதாகாது.

மூன்றாவது காரணமே வலிமையானது, உணர்ச்சியைத் தூண்டுவது. “நம் முன்னோர் மூட்டையோடுதான் கப்பலேறினார்கள், மூட்டை கட்டுவது நம் மரபு” என்கிறார்கள். மரபின் பெயரைச் சொன்னால் வாதம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். வாதம் தொடங்குவதே இவ்விடத்தில்தான்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய கூலித் தமிழன் மூட்டை கொண்டு வந்தது உண்மை. அது ஏழையின் மூட்டை. அடுத்த வேளைச் சோறு எங்கே, யார் தருவார் என்று அறியாதவனின் மூட்டை. அந்த மூட்டை தீர்ந்த பிறகு அவன் என்ன செய்தான் என்பதே வரலாற்றின் முதன்மையான பகுதி. வந்த மண்ணில் முருங்கையை நட்டான். லயத்தின் பின்புறம் கறிவேப்பிலை வளர்த்தான். மலாய்க்காரரின் சம்பாலையும் நெத்திலியையும் தன் சட்டியில் ஏற்றான். 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆண்ட காலத்தில் அரிசி அருகியபோது மரவள்ளிக் கிழங்கு அவன் உயிரைக் காத்தது. கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் தோன்றிய 1929ஆம் ஆண்டை ஒட்டிய காலம் தொட்டு, காடு திருத்திக் கொழுந்து பறித்த தமிழர்களும் மலை தந்ததை உண்டே மலையில் வேரூன்றினார்கள். இந்திய அரசு 1938இல் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்த பின்னர், ஊரிலிருந்து புது மூட்டைகள் வருவதும் அருகியது. ஆயினும் தமிழ்ச் சமையல் அழியவில்லை, வளர்ந்தது. முன்னோரின் மூட்டை விதை மூட்டை. இன்றையோரின் மூட்டையோ வேலி.

எதற்கு இந்த வேலி? “வெளியில் சுத்தமாக இருக்காது” என்ற சொல் பல வீடுகளில் கேட்கிறது. நோய்க்கிருமிக்கு அஞ்சுகிறவர் அடுப்பின் தூய்மையைப் பார்ப்பார், அஃது அறிவு. சமைத்தவர் யார், பரிமாறிய கை எவருடையது, பக்கத்து அடுப்பில் வேகும் இறைச்சி எது என்று மட்டும் பார்ப்பவரிடம் பேசுவது கிருமியச்சம் ஆகாது. தீட்டு என்னும் பழைய நஞ்சு, சுத்தம் என்னும் புதுச் சட்டை அணிந்து வந்திருக்கிறது. தோட்டத்து லயத்தில் ஒரே குழாயடியில் நீர் பிடித்து, சீனர் கடையில் கடனுக்கு வாங்கி, மலாய்க்காரர் வீட்டுப் பெருநாளில் விருந்துண்டு வாழ்ந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த நஞ்சு ஊட்டப்படலாமா?

மூட்டையால் வரும் கேடு மனத்தளவில் நிற்பதுமில்லை. இலங்கை மலைநாட்டில் 1869இல் காணப்பட்ட ஒரு பூஞ்சை, சில பத்தாண்டுகளில் காப்பித் தோட்டங்களை அழித்தது; அங்கே உழைத்த தமிழரின் வாழ்வு தலைகீழாயிற்று; காப்பியின் இடத்தில் தேயிலை வந்தது. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் நுழைந்தால் ரப்பர் மரங்கள் என்னாகும் என்ற அச்சம் மலேசியாவுக்கு இன்றும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தில் ஒட்டி வரும் சிறு பூச்சி, எலுமிச்சை இன மரங்களைப் பாழாக்கும் நோயைப் பரப்பவல்லது; அதனாலேயே அமெரிக்கா பயணியர் கொணரும் கறிவேப்பிலையைத் தடுக்கிறது. மலேசியாவிலும் 2011ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைச் சட்டப்படி, வேளாண் விளைபொருளை உரிய அனுமதியின்றி எல்லை கடத்திக் கொணர்வது குற்றமாகும். முன்னோர் இலையையும் விதையையும் கொண்டுவந்த காலத்தில் இவ்வறிவு பரவவில்லை. அறிந்த பின்னும் செய்வோர்க்கு அவர்கள் சாட்சியாக வர மாட்டார்கள்.

மரபு வேண்டுமெனில் தமிழ் மரபையே கேட்கலாம். வழிப்பயணத்திற்குக் கட்டிச் செல்லும் உணவுக்குத் தமிழில் ஆற்றுணா என்று பெயர். முன்றுறை அரையனார் இயற்றிய பழமொழி நானூறு அதைப் பற்றி என்ன கூறுகிறது? கற்றறிந்தோர்க்குச் சென்ற நாடெல்லாம் சொந்த நாடே. ஆகையால் அவர்கள் வழியுணவு கட்டிச் செல்ல வேண்டியதில்லை என்கிறது. ஆற்றுப்படை நூல்களில் பாணரும் கூத்தரும் யாழையும் முழவையும் சுமந்து சென்றனர். அரிசியைச் சுமந்ததாகப் புலவர்கள் பெருமை பேசவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர், ஆயர், உழவர், வலைஞர் என ஒவ்வொரு நிலத்தாரும் தத்தம் உணவைத் தந்து விருந்தோம்புகின்றனர். மலைபடுகடாத்தில் மலைவாழ் மக்கள் தினைச்சோறு அளிக்கின்றனர். அந்த அந்த நிலத்தின் உணவை அந்த அந்த நிலத்தில் உண்பதே திணை வாழ்வு. இவற்றை வகுப்பறையில் நயம்படப் பாடம் நடத்திவிட்டு, விடுமுறையில் முட்டைக்கோசு மூட்டையோடு குறிஞ்சி நிலம் ஏறும் ஆசிரியர், தாம் நடத்திய பாடத்தைத் தாமே அழிக்கிறார். மாணவர்கள் கற்பது பாடநூலையா, ஆசிரியரின் மூட்டையையா?

இழப்பு யாருக்கு என்பதையும் எண்ண வேண்டும். கியா பார்ம்ச் சந்தையில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கடை வைத்திருக்கிறார்கள். மலையில் காய்கறி பயிரிடுவோரில் தமிழரும் உண்டு. அவருட் பலர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தை நம்பி நெடுங்காலம் உழைத்தவர்கள். 2020இல் குவாலா தெர்லாவில் தமிழ் விவசாயிகளின் தோட்டங்கள் மாநில அதிகாரிகளால் அகற்றப்பட்டபோது, அனுதாபம் கூறிய தமிழர் பல்லாயிரவர். அனுதாபம் நன்று, ஆனால் அவர்கள் மலையில் விளைந்த ஒரு கிலோ தக்காளியைக் கூட அந்த மலையில் வாங்காதவரின் அனுதாபம் அடுப்பில் ஏறுமா? சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவில் படம் எடுத்துக்கொண்டு, விடுதி அறையில் கதவடைத்து ஊர்ச் சாம்பார் உண்டு திரும்புகிறவர், மலையைப் பார்த்தவராவாரே அன்றி மலைக்குச் சென்றவர் ஆகார்.

இன்று அத்தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களும் ஊரிலிருந்து ஒரு சிறு மூட்டை கொண்டு வந்திருப்பார்கள். அது ஒரு காலத்தில் தமிழன் தூக்கி வந்த அதே மூட்டை. அதற்கு மரியாதை உண்டு; ஏனெனில் அதை வறுமை கட்டியது. வசதி படைத்தோரின் மூட்டையைக் கட்டுவது அச்சம். அதற்கு மரபு என்று பெயர் சூட்டுவது முன்னோரை இழிவு செய்வதாகும்.

அடுத்த விடுமுறைக்குப் புறப்படுவோர் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை எடுத்துச் செல்லட்டும், அதற்குத் தடையில்லை. தாய்வீட்டுச் சுவை ஒரு கரண்டி போதும். மற்ற இடத்தை வெறுமையாக விடட்டும். கியா பார்மில் பிள்ளைகளை இறக்கி, கூடையைக் கையில் கொடுத்து, கடைக்காரரிடம் பெயர் கேட்டு, விலை கேட்டு, அன்று பறித்த கீரையை வாங்கச் செய்யட்டும். ஆற்றுணா வேண்டாத அளவுக்கு இந்த இனம் கற்றிருக்கிறதா இல்லையா என்பது அந்தக் கூடையில் தெரிந்துவிடும்.