கடைசி வரிசை

அச்சம் என்றதும் நம் மனம் புலியையும் பாம்பையும் தேடி ஓடுகிறது. திருமலைக் காட்டில் அப்படி ஓர் அச்சத்திற்கு இடம் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைவழியில் சிறுத்தை ஒன்று ஆறு வயதுச் சிறுமியின் உயிரைக் குடித்தது. அதன்பின் நடந்து மலையேறுவோர் கையில் தடி கொடுத்தார்கள். அந்த அச்சத்திற்குத் தடியாவது உண்டு. நான் இங்கே எழுத வந்த அச்சத்திற்கோ தடியும் இல்லை, துணைக்கு வருவாரும் இல்லை. நாலு பேர் நடுவே வாய் திறக்க அஞ்சும் அச்சம் அது.

நான் பதினாறாம் வயதில் ஆரணியிலிருந்து சித்தூருக்கு வந்தவன். தந்தையார் அங்கு ஒரு வெல்ல மண்டியில் கணக்கெழுதுகிறார். தெலுங்கைச் செவிவழியே கற்றேன். மண்டியில் மூட்டை தூக்குவோரும் விளையாட்டுத் தோழர்களுமே என் ஆசிரியர்கள். முதுநிலை வேதியியல் பயிலத் திருப்பதிக்கு வந்த முதல் வாரத்தில் ஐயம் ஒன்று கேட்க வகுப்பில் எழுந்தேன். ஆங்கிலம் தடுமாறவே தெலுங்கிற்குத் தாவினேன். ‘மீரு’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘நுவ்வு’ என்று வந்து விழுந்தது. நரைத்த தலையுடைய பேராசிரியரை, ‘நீங்கள்’ என்னாமல் ‘நீ’ என்று அழைத்துவிட்டேன்! வகுப்பே சிரித்தது. அவர் சினக்கவில்லை, புன்னகை செய்து விடையும் சொன்னார். அந்த விடை என் காதில் விழவில்லை. மறுநாள் முதல் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பருவம் முழுதும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விளங்கியவன்போல் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். அதன் பயனாகக் குவாண்டம் வேதியியல் தாளில் தோற்றேன். மாதந்தோறும் பணம் அனுப்பும் தந்தையாரிடம் அதைச் சொல்லவும் அஞ்சி, இரண்டு வாரம் சித்தூருக்கே போகாமல் இருந்தேன். எழுபது கிலோமீட்டர்தான் தொலைவு! ஓர் அச்சம் இன்னோர் அச்சத்தை ஈன்றது.

வேதியியல் மாணவன் ஆதலால் இதை வேறொரு கண்ணாலும் பார்க்கிறேன். அஞ்சும்போது நெஞ்சு படபடப்பதற்கு அட்ரினலின் ஒரு காரணம். ஜப்பானிய வேதியியலறிஞர் தக்காமினே 1901இல் படிகமாகப் பிரித்துக் காட்டிய பொருள் அது. டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நம் உடலே அதைச் செய்துகொள்கிறது. இரத்தத்தில் அது தங்குவதோ சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களை நாம் பொறுப்பதில்லை; எழுந்து போய்விடுகிறோம், அல்லது எழாமலே இருந்துவிடுகிறோம். உடனே ஒரு நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதிதான் பொல்லாதது. ‘ஒதுங்கினாய், பிழைத்தாய்’ என்று அது நமக்குப் பாடம் சொல்கிறது. மறுமுறை அச்சம் இரட்டித்து வருகிறது.

இதற்கு மருந்து உண்டா? 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி ஓர் ஆய்வை வெளியிட்டார். பீட்டர் என்ற சிறுவனுக்கு ஏறத்தாழ மூன்று வயது; முயலைக் கண்டால் அலறுவான். அவனுக்கு விருப்பமான தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் தின்னும்போது முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்தார்கள். நாளுக்கு நாள் சற்றே அருகில் கொணர்ந்தார்கள். முடிவில் முயல் அவன் விரலைக் கொறிக்கவும் அவன் இசைந்தான். ‘அஞ்சாதே’ என்று யாரும் அவனுக்குச் சொற்பொழிவு ஆற்றவில்லை. நமக்கோ பள்ளியில் கிடைத்ததெல்லாம் சொற்பொழிவே! முயலைத்தான் யாரும் கொண்டுவரவில்லை.

காந்தியடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891இல் திரும்பியவர், பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கிற்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் கேட்க வரவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார். அதே மனிதர் 1893இல் பிரிட்டோரியாவில் இந்தியர் கூட்டத்தில் பேசினார். வணிகத்தில் வாய்மை என்பது பொருள். அதுவே தம் முதல் மேடைப்பேச்சு என்கிறார். தம்மை மறக்கச் செய்யும் ஒரு பொருள் கிடைத்ததால்தான் அன்று நா எழுந்தது என்பது என் கருத்து.

மறு ஆண்டு நேட்டாலில் அவர்முன் ஒரு தமிழர் வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. நடுங்கினார், அழுதார், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெள்ளையர் முன் அப்படித்தான் நிற்கவேண்டும் என்று அவரைப் பழக்கியிருந்தார்கள். வழக்கறிஞர் இந்தியர் என்றபோதும் அப்பழக்கம் விடவில்லை. வழக்கைக் கேட்ட காந்தியடிகள், தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவர் தயங்கித் தயங்கிக் கட்டினார். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. பிறகு வேறு முதலாளியிடம் மாற்றமும் கிடைத்தது. எனக்குத் தலைப்பாகைதான் பெரிதாகத் தெரிகிறது. கடல் கடந்து போன ஒரு தமிழர் தம் கையாலேயே அதை மீண்டும் கட்டிக்கொண்டார் அல்லவா!

எல்லா அச்சத்தையும் உதறச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டா. அடர் கந்தக அமிலத்தில் நீரை ஊற்ற நான் அஞ்சுகிறேன். நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுவேன். காணிப்பாக்கம் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் சித்தூரார் அஞ்சுவார்கள். அதனால் ஊருக்கு நன்மையே. அஞ்சத் தக்கதற்கு அஞ்சாமை அறியாமை என்று கருதிய வள்ளுவர்தாம் அவையஞ்சாமைக்கு என ஓர் அதிகாரமும் வகுத்தார். சிரிப்பொலியை அவர் எந்தப் பட்டியலில் சேர்ப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி நம் தமிழ் மன்றத்தைப் பற்றி ஒரு சொல். அன்பர்கள் பொறுத்தருள்க. விடுதியில் நாம் ஒன்றாக உண்கிறோம்; ஒன்றாகத் திரிகிறோம்; ஞாயிறுதோறும் கூடித் தமிழில் மகிழ்கிறோம். நல்லதே. ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் நம்முள் எத்தனை பேர் வாய் திறக்கிறோம்? மன்றம் நமக்கு ஒளியுமிடமாகிவிட்டதோ என்று அஞ்சுகிறேன். கூட்டத்தில் பேசுவோர் எப்போதும் அதே மூவர். மற்றவர் கைதட்டவே பிறந்தவரோ? இனிக் கூட்டத்திற்கு இருவர், இதுவரை பேசாதவர், ஐந்து நிமிடம் பேசட்டும். மாதம் ஒருமுறை தெலுங்கு நண்பர்களை அழைத்து அவர்கள் மொழியிலேயே தட்டுத் தடுமாறிப் பேசுவோம். ‘செப்பு’ என்றால் அவர்களுக்குச் ‘சொல்’ என்றும் பொருள், ‘செருப்பு’ என்றும் பொருள். சிரிப்பதற்கு இரு பக்கமும் நிறைய இருக்கிறது. அன்று வகுப்பில் எல்லாரினும் உரக்கச் சிரித்த கர்னூல் நண்பர், ஆங்கிலத்தில் கருத்தரங்க உரை ஆற்றவேண்டிய நாளுக்கு முந்திய இரவு உறங்கவேயில்லை. எனக்கு அது தெரியும். அவர் இப்போது என் அறைத்தோழர்.

என் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். தந்தையாரிடம் போய்ச் சொன்னேன். ‘இதற்கா இரண்டு வாரம்?’ என்றார். பின்னர்ப் பீட்டரின் முயலைப்போல் வாரம் ஒரு வரிசையாக முன்னே நகர்ந்தேன். நான்காம் வாரம் ஒரு கேள்வி கேட்டேன், ‘மீரு’ என்பதை இருமுறை அழுத்தி. அதற்கும் சிலர் சிரித்தார்கள். மறுதேர்வில் தேறினேன், மதிப்பெண் வெளியே சொல்லத்தக்கதன்று. இப்போது இரண்டாம் வரிசையில் இருக்கிறேன். அங்கே மின்விசிறி இல்லை என்பதுதான் குறை.