தீமோத்தேயுவின் கற்பு

கற்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். 1934ல் 'பொன்னகரம்' வெளிவந்த நாளிலிருந்து நாம் வைத்திருக்கும் சிரிப்பு. புதுமைப்பித்தனுக்கு அது சுயார்ஜிதம், நமக்குப் பிதுரார்ஜிதம். பிதுரார்ஜிதச் சொத்தை அனுபவிக்கிறவன் பத்திரத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. அதிலும் கிறிஸ்தவப் போதனை சொல்லும் கற்பு என்றால் கேட்கவே வேண்டாம். விக்டோரியா காலத்துப் பாதிரி, சரீரத்தின் மேல் வெறுப்பு, குற்ற உணர்வு என்று நாலு வார்த்தையில் விவகாரம் முடிந்துவிடும். நாம் சிரிக்கிற அந்தப் பிரசங்கமும் நம் சிரிப்பும் ஒரே ஆளுக்குத்தான் சேவகம் செய்கின்றன என்பது என் கட்சி. அந்த ஆள் புருஷன்.

நான் குடியிருக்கும் மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய சந்துகளில், கீழே பட்டறையும் மேலே ஆராதனையுமாகச் சபைகள் உண்டு. அப்படி ஒன்றில் நடந்த கலியாணத்துக்குப் போயிருந்தேன். பிரசங்கம் முக்கால் மணி நேரம். அதில் பெரும் பங்கு மணப்பெண்ணுக்கு: தீத்து நிருபம், பேதுரு நிருபம், கற்பு, அடக்கம், கீழ்ப்படிதல். மணமகனுக்குக் கடைசியில் இரண்டு நிமிஷம்: மனைவியை நேசி, குடிக்காதே. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த போதகரிடம், "தீமோத்தேயுவுக்கும் பவுல் கற்பைத்தானே சொல்கிறார், பாஸ்டர்?" என்றேன். "பிரதர், அது ஊழியக்காரருக்குச் சொன்னது," என்றார். பாயசம் வந்துவிட்டது.

பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பட்டு 1871ல் வெளிவந்த தமிழ் பைபிள்தான் இன்றும் பெரும்பாலான புரோட்டஸ்டண்டு சபைகளில் வாசிக்கப்படுவது. அதில் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் நாலாம் அதிகாரத்தைப் பாருங்கள். வாலிபனான தீமோத்தேயு எதிலெல்லாம் விசுவாசிகளுக்கு மாதிரியாக இருக்கவேண்டும் என்ற பட்டியலில் கற்பும் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில், இளம் பெண்களிடம் அவன் பழகவேண்டிய முறையைச் சொல்லும்போதும் அதே சொல். மூலத்தில் இருப்பது 'ஹக்னேயா' என்ற கிரேக்கச் சொல். தீத்து நிருபத்தில் இளம் மனைவிகளுக்குச் சொல்லப்பட்டதும் அதே வேரிலிருந்து வந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல் என்று இங்கே பிரித்துக்கொள்ளவில்லை. கற்பு என்றால் பொம்பளைச் சமாசாரம் என்று முடிவுகட்டியிருந்த ஒரு பாஷையில், ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்துக் கற்போடு இரு என்று அச்சில் போட்டார்கள். கற்பை இரு பாலாருக்கும் பொதுவாக்கச் சொன்ன பாரதி அப்போது பிறக்கவே இல்லை. நம் விமர்சகர்களில் யார் இதைக் கவனித்தோம்? 1995ல் வந்த 'திருவிவிலியம்' தீமோத்தேயுவின் பட்டியலில் அதைத் 'தூய்மை' ஆக்கிவிட்டது. நல்ல தமிழ்தான். உறுத்தல் போய்விட்டது.

விபசாரத்துக்கும் இதே கதி. பழைய தமிழ் பைபிளில் அது திருமணத் துரோகம், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நம் தினசரிகளில் அது பெண்கள் மட்டும் கைதாகிற ஒரு தொழிலின் பெயர்.

போதனையின் மையத்துக்கு வருகிறேன். யேசுவின் காலத்து யூத நியாயப்படி, மணமான ஒருவன் மணமாகாத பெண்ணோடு போனால் அவன் மனைவிக்கு எதிரான குற்றம் அதில் இல்லை. பிறன் மனைவியோடு போனால் அந்தப் பிறனுக்குத்தான் துரோகம். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் யேசு இதைப் புரட்டிப்போடுகிறார். மனைவியைத் தள்ளிவிட்டு இன்னொருத்தியைக் கட்டுகிறவன் அந்த மனைவிக்கு விரோதமாகவே குற்றம் செய்கிறான் என்கிறார். அதாவது, பாதிக்கப்பட்டவள் அவள். முறையிட அவளுக்கு இடம் உண்டு.

இந்த இடத்தை அவளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது கிறிஸ்தவர்களுக்கென்றே செய்த சட்டம். 1869ம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டத்தின் பத்தாவது பிரிவுப்படி, மனைவி சோரம் போனாள் என்று மட்டும் நிரூபித்தால் கணவனுக்குப் போதும். மனைவிக்கு அவன் சோரம் மட்டும் போதாது. அதோடு கொடுமை, அல்லது இரண்டு வருஷம் கைவிட்டது, அல்லது முறைகெட்ட உறவு என்று ஏதாவது சேரவேண்டும். மனைவியோடு போனவனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கலாம், மாட்டை மடக்கியவனிடம் கேட்பதுபோல. இந்தச் சட்டத்துக்கு மாதிரியாக இருந்த இங்கிலாந்து 1923லேயே பேதத்தை நீக்கிவிட்டது. இங்கே 1983ல் சட்டக் கமிஷன் சொல்லி, 1995ல் கேரள உயர்நீதிமன்றம் பத்தாவது பிரிவின் பகுதிகளை வெட்டி, 2001ல்தான் பாராளுமன்றம் திருத்தியது. திருத்தம் கேட்டவர்களில் சபையாரும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நூற்று முப்பத்திரண்டு வருஷம், ஞாயிறுதோறும் மாற்கு வாசித்த சபைகளின் பெண்கள் மாற்குக்கு நேர் விரோதமான சட்டத்தின் கீழ் வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான தண்டனைச் சட்டத்தின் 497ம் பிரிவும் இதே ஜாதி. புகார் செய்யக் கணவனுக்கு உண்டு, மனைவிக்குக் கிடையாது; கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது 2018 செப்டம்பர் 27ல். சிறைத்தண்டனை போனது சரி. சோரம் போலீஸ்காரன் வேலை அல்ல. ஆனால் சட்டம் விட்டது என்பதால் துரோகம் துரோகமில்லாமல் போய்விடுமா?

போகாது என்று சொல்ல நம் நவீன இலக்கியத்துக்கு வாய் வரவில்லை. 'அக்கினிப் பிரவேச'த்தைப் பற்றி எத்தனை விவாதம்! அந்தப் பெண் கெட்டாளா, தாய் ஊற்றிய தண்ணீரில் சுத்தமானாளா என்று இரண்டு கட்சி. காரோட்டி வந்தவனின் கற்பு என்ன ஆயிற்று என்று கட்சி கட்டியவர் உண்டா? பழமைவாதியும் புரட்சிக்காரனும் சேர்ந்து பெண்ணின் சரீரத்தையே பரிசோதித்தார்கள், முடிவுதான் வேறு. நம் கவிஞர்களின் 'தேடல்', 'அனுபவ விஸ்தாரம்', 'ஸ்தாபன மறுப்பு' எல்லாம் எந்தத் திசையில் போகின்றன என்று பாருங்கள். வீட்டுக்காரி தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மெஷினில் குனிந்துகொண்டிருப்பாள். இவர் விடுதலையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பார். அவளும் அதே விடுதலையை எடுத்துக்கொண்டால் கவிதையின் தொனி என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பாஸ்டராவது இரண்டு நிமிஷம் கொடுத்தார்.

என்னை உபதேசியார் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். சரீரத்தை வெறுக்கச் சொல்லும் பிரசங்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பவுலிடமே அந்தச் சாயல் உண்டு, கலியாணம் செய்யாதிருப்பதே மேல் என்று நினைத்தவர்தான். அப்படிப்பட்டவர், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், மனைவியின் சரீரம் கணவனுக்கு உரியது என்று எல்லோரும் எதிர்பார்த்ததைச் சொல்லிவிட்டு, கணவனின் சரீரத்தின் மேல் அவனுக்கு அதிகாரமில்லை, அவன் மனைவிக்கே என்று அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். இந்த இரண்டாம் பாதியை எடுத்து ஒரு பிரசங்கம் மண்ணூர்பேட்டையில் நான் கேட்டதில்லை. நம் பத்திரிகைகளில் இந்த அனுபவத்திலிருந்து பிறந்த ஒரு கவிதையும் என் கண்ணில் படவில்லை.