படத்தில் ராணி! பார்சலில் கோணி!
ஆன்லைன் ஜவுளிப் படங்களில் நடக்கும் ‘கிளிப்’ வித்தை

சென்னை நகரில் காலை முதல் இரவு வரை டெலிவரி வண்டிகள் பறக்கின்றன. குர்தி, சேலை, சட்டை என்று வீடு தேடிப் பார்சல் வருகிறது. நாலு நாள் கழித்து அதே வாசலில் மறுபடியும் வண்டி நிற்கிறது. எதற்கு? கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக!

“போட்டோல ராணி மாதிரி இருந்துச்சு. போட்டுப் பார்த்தா கோணி மாதிரி தொங்குது!”

வீட்டுக்கு வீடு இதே புலம்பல்தான். துணியில் கிழிசல் இல்லை. தையல் பிரியவில்லை. ஆர்டர் செய்த சைஸ்தான் வந்திருக்கிறது. பிறகு என்ன கோளாறு?

கோளாறு படத்தில் இருக்கிறது.

முதுகில் கிளிப்!

படத்தில் மாடல் அழகி முன்பக்கம் காட்டி நிற்கிறார். குர்தி இடுப்பில் வளைந்து, அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்திருக்கிறது. அவரை அப்படியே திருப்பி நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து கிளிப் மாட்டியிருப்பார்கள். அல்லது ஊக்கு குத்தியிருப்பார்கள்.

விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்களில் இது ஊரறிந்த ரகசியம். காரணமும் உண்டு. படம் எடுக்கிற நேரத்தில் கம்பெனி கையில் இருப்பது சாம்பிள் துணி ஒன்றோ இரண்டோதான். மாடலோ ஒல்லி. துணி தொளதொள என்று நிற்கும். ஒரே நாளில் டஜன் கணக்கில் உடை மாற்றிப் படம் எடுத்தாக வேண்டும். பிடித்துத் தைக்க நேரம் ஏது? கிளிப்பைப் போடு, படத்தை எடு, அடுத்த துணி!

வாங்குகிற பெண் முதுகில் கிளிப் மாட்டிக்கொண்டா பஸ் ஏறுவார்?

ஆண்கள் உடையிலும் இதே கதைதான். மாடல் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நிற்பார். சட்டையின் நீளம் தெரியாது. கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருப்பார். கை நீளமும் தெரியாது. பெண்கள் உடை என்றால் தலைமுடியை முன்னால் எடுத்துப் போட்டுக் கழுத்து இறக்கத்தை மறைத்துவிடுவார்கள். வாங்குகிறவருக்கு எது தெரிய வேண்டுமோ அது மட்டும் தெரியாது!

இன்னொரு வகை படத்தில் ஆளே இருக்க மாட்டார். துணி மட்டும் ஆவி மாதிரி அந்தரத்தில் நிற்கும். பொம்மைக்குப் போட்டுப் படம் எடுத்து, பிறகு பொம்மையைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறார்கள். பொம்மை முதுகிலும் ஊக்குதான். பின்பக்கப் படம் பல துணிகளுக்குப் போடாமலே விடுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

உயர வித்தியாசம்

நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் 5 அடியை ஒட்டித்தான் இருக்கிறது. துணி விளம்பர மாடல்களோ 5 அடி 8, 9 அங்குலம். அதற்கு மேல் குதிகால் செருப்பு வேறு!

இந்த வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. 38 அங்குல நீளக் குர்தி அந்த மாடலுக்கு முழங்கால் அளவில் நிற்கும். 5 அடிப் பெண்ணுக்கு அதே குர்தி கெண்டைக்காலுக்கு இறங்கிவிடும். நீளத்தைக் கத்தரித்துக் குறைக்கலாம். ஆனால் பக்கவாட்டு வெட்டு எங்கே ஆரம்பிக்கிறது? இடுப்பு வளைவு எங்கே வருகிறது? அவையும் 2, 3 அங்குலம் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். இடுப்பில் வர வேண்டிய வளைவு இடுப்புக்குக் கீழே வந்தால் எந்த உடம்புக்கும் அது கோணிதான். ரங்கநாதன் தெரு ஆல்டரேஷன் டெய்லர்களுக்குக்கூட அதைச் சரி செய்வது பெரும்பாடு.

சில கம்பெனிகள் மாடலின் உயரத்தையும், அவர் போட்டிருக்கும் சைசையும் படத்துக்குக் கீழே போடுகின்றன. நல்ல காரியம். ஆனால் டபுள் எக்ஸ்எல் வாங்குகிற பெண்ணுக்கும் அதே ஒல்லி மாடலின் படத்தைத்தான் காட்டுகிறார்கள். அந்தத் துணி டபுள் எக்ஸ்எல் உடம்பில் எப்படி விழும் என்று காட்ட ஒரு படம் கிடையாது. காசு மட்டும் எல்லோரிடமும் ஒரே காசு.

இதில் பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. பார்சலைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிற 18 வயதுப் பெண் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். “நான்தான் குண்டாயிட்டேன் போல” என்று முடிவு கட்டுகிறாள். ராத்திரி சாப்பாட்டைக் குறைக்கிறாள். படத்தில் இருந்த பெண்ணுக்கும் அந்தத் துணி சேரவில்லை, பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு யார் சொல்வது?

ஆளுக்கு ஒரு ‘எம்’

சைஸ் குழப்பம் தனிக் கதை. ஒரு கம்பெனியின் ‘எம்’ இன்னொரு கம்பெனியின் ‘எல்’. நம் நாட்டு ரெடிமேட் துணிகளுக்கு அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளைப் பார்த்துத்தான் சைஸ் வகுத்து வந்தார்கள். இந்திய உடம்புக்கு என்று தனி அளவு வேண்டும் என்று ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. தேசிய பேஷன் டெக்னாலஜி நிறுவனத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. 15 முதல் 65 வயது வரை உள்ள 25 ஆயிரம் பேரை ஸ்கேனர் வைத்து அளப்பது திட்டம். தேர்ந்தெடுத்த 6 நகரங்களில் சென்னையும் ஒன்று. தமிழ்நாட்டுப் பெண்ணின் தோளும் இடுப்பும் சர்க்கார் கணக்கில் ஏறியாக வேண்டிய கட்டாயம் வந்ததே, அதைப் பாராட்ட வேண்டும்.

இன்னொரு பொடியும் இருக்கிறது. அளவுப் பட்டியலில் ‘38’ என்று போட்டிருப்பார்கள். அது உடம்பின் அளவா, துணியின் அளவா? கை கால் வீசி நடக்க, துணி உடம்பை விட 2 முதல் 4 அங்குலம் அதிகம் இருக்க வேண்டும். இதைப் பிரித்துச் சொல்லாத பட்டியலைப் பார்த்து ஆர்டர் போட்டால், மார்பில் பட்டன் தெறிக்கும்!

மீசைக்கார மாடல்

சேலைக்கு சைஸ் இல்லை, அதனால் ஏமாற்ற முடியாது என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. சேலையில்தான் கம்ப்யூட்டர் வேலை அதிகம்.

ஒரே பெண். ஒரே நிலை. ஒரே சிரிப்பு. சேலை மட்டும் 10 கலர்! அந்தப் பெண் 10 சேலை கட்டி 10 தடவை அப்படியே இம்மி பிசகாமல் நின்றாரா? ஒரு சேலையைக் கட்டி எடுத்த படத்தில் கலரையும் டிசைனையும் கம்ப்யூட்டரில் மாற்றி ஒட்டுகிறார்கள். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கொசுவ மடிப்பைப் பாருங்கள். நிஜச் சேலையில் மடிப்பு விழுகிற இடத்தில் பூவும் கொடியும் மடங்கும், பாதி மறையும். ஒட்டு வேலையில் சுவரில் ஒட்டிய பேப்பர் போல டிசைன் நேராக ஓடும்.

‘மயில் கழுத்து’ கலரைக் கேட்டுப் பாருங்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். அசைத்தால் பச்சை, திருப்பினால் நீலம். அசையாத படத்தில் அதை எப்படிக் காட்டுவது? ஸ்டூடியோ விளக்கில் ஒரு நிறம், செல்போன் திரையில் ஒரு நிறம், வீட்டு டியூப் லைட்டில் ஒரு நிறம். இதில் வியாபாரியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் ரவிக்கை விஷயத்தில் சொல்லலாம். படத்தில் மாடல் போட்டிருப்பது ஜரிகை வேலை செய்த ரவிக்கை. பார்சலில் வருவது 80 சென்டிமீட்டர் வெறுந்துணி. கேட்டால், ‘ரவிக்கை படத்துக்காக மட்டும்’ என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறோமே என்கிறார்கள். பூதக் கண்ணாடியும் சேர்த்து அனுப்பலாம்!

தி.நகரிலும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் ஜவுளிக்கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். சேலையை எடுத்துப் போடுகிற மீசைக்கார அண்ணன், சட்டைக்கு மேலேயே முந்தானையைத் தோளில் போட்டு, கொசுவத்தை விசிறி மாதிரி பிடித்துக் காட்டுவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் துணி கனமா, லேசா, நழுவுமா, நிற்குமா என்பது 2 நிமிஷத்தில் தெரிந்துவிடும். “வெளிச்சத்துல காட்டுங்கண்ணே” என்றால் வாசல் வரை கொண்டு வருவார். அவரை விட நேர்மையான மாடல் இன்னும் இன்டர்நெட்டில் பிறக்கவில்லை.

ஆளே இல்லாத மாடல்

இப்போது அடுத்த கட்டம். ஏ.ஐ. என்கிற கம்ப்யூட்டர் மூளை உருவாக்கும் மாடல். ஏ.ஐ. மாடல்களைச் சோதித்துப் பார்க்கப் போவதாக அமெரிக்காவின் லீவைஸ் கம்பெனி 2023 மார்ச்சில் அறிவித்துக் கண்டனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டது. சுவீடன் நாட்டு எச் அண்ட் எம் கம்பெனி 30 நிஜ மாடல்களுக்கு கம்ப்யூட்டர் ‘இரட்டைப் பிறவி’ செய்யும் திட்டத்தை 2025-ல் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு ‘வோக்’ பத்திரிகையில் கெஸ் கம்பெனி விளம்பரத்தில் வந்த அழகி, பிறக்கவே பிறக்காத பெண்!

கிளிப் போட்ட படத்திலாவது அந்தத் துணியை ஒரு மனுஷி போட்டிருந்தார். இதில் துணியை யாருமே போடவில்லை. தோளில் எப்படி நிற்கும், அக்குளில் இழுக்குமா என்பது கம்ப்யூட்டரின் கற்பனை. கற்பனையை நம்பி காசைக் கட்டச் சொல்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது!

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் வந்தது. அதன் கீழ் ஆன்லைன் வியாபாரத்துக்கு என்றே 2020 ஜூலையில் தனி விதிகள் வந்தன. படமும் விவரமும் பொருளின் தோற்றத்துக்கும் தரத்துக்கும் நேராகப் பொருந்த வேண்டும். அப்படிப் பொருந்தும் என்று வியாபாரியிடம் ஆன்லைன் சந்தைக் கம்பெனி எழுதி வாங்க வேண்டும் என்கிறது விதி. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்றால் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. பணத்தைத் தர மறுக்கவும் கூடாது. புகார் வந்தால் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் ரசீது தர வேண்டும். 1 மாதத்தில் தீர்க்க வேண்டும்.

வீட்டில் கட்டிய பழைய சேலையை என்றோ ஒரு நாள் விற்கிற தனி ஆளுக்கு இந்த விதி இல்லை. ஆனால் ‘நோ ரிட்டன்’ என்று போட்டுத் தினமும் பார்சல் அனுப்புகிற இன்ஸ்டாகிராம் கடைக்காரர் இதைச் சொல்லித் தப்ப முடியாது. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்தாயா என்று கேட்பது அவர்களாக வைத்துக்கொண்ட சட்டம்.

பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். ஆனால் 600 ரூபாய் குர்திக்கு யார் மல்லுக்கட்டுவது? அரை நாள் வேலை போனாலே குர்தி விலை போய்விடும். இந்த அலுப்புதான் கிளிப்புக்குத் தைரியம் கொடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், திரும்பி வருகிற துணியால் வியாபாரிக்கும் அடிதான். போக வரக் கூலி, கசங்கிய துணி, மறுபடி மடித்து பேக்கிங். திருப்பூரில் தைத்து அனுப்புகிற சின்ன முதலாளி, படத்துக்குக் கிடைத்த ஆர்டரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ரிட்டனைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்.

போலீஸ் வேலை

இதுவரை சொன்னது மிகைப்படுத்தல். அடுத்தது சுத்தத் திருட்டு. பெரிய கம்பெனியின் மாடல் படத்தைத் திருடிப் போட்டு, 3 ஆயிரம் ரூபாய்த் துணி 299 என்று விளம்பரம் செய்வார்கள். பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டியதும் கடையே காணாமல் போகும். அல்லது கந்தல் துணி வரும். பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

வாங்குமுன்...

மாடல் படத்தைத் தாண்டிக் கீழே போங்கள். வாங்கியவர்கள் வீட்டில் எடுத்துப் போட்ட படங்கள் இருக்கும். பீரோ கண்ணாடி முன்னால், டியூப் லைட் வெளிச்சத்தில், கிளிப் இல்லாமல் நிற்கிற படங்கள். அதுதான் நிஜ சைஸ், நிஜக் கலர்.

உங்களுக்குப் பொருத்தமான பழைய குர்தி ஒன்றைத் தரையில் விரித்துப் போடுங்கள். ஒரு அக்குளில் இருந்து மறு அக்குள் வரை டேப் வைத்து அளந்து, இரண்டால் பெருக்குங்கள். தோளில் இருந்து கீழ் விளிம்பு வரை நீளம் எடுங்கள். இந்த இரண்டு எண்ணையும் துணியின் அளவோடு ஒப்பிடுங்கள். ‘எம்’, ‘எல்’ எழுத்தை மறந்துவிடுங்கள்.

பண்டிகைத் துணி என்றால் மாற்றி வாங்க நாள் விட்டு ஆர்டர் போடுங்கள். தீபாவளிக்கு 3 நாள் முன்னால் வந்து சேரவில்லை என்றால் போச்சு!

சேரவில்லையா? முதலில் கம்பெனிக்குப் புகார். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் சென்னைக்காரர் சென்னையிலேயே வழக்குப் போடலாம். ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

ஆர்டர் போடும் முன்னால் அந்தப் படத்தையும் அளவுப் பட்டியலையும் செல்போனில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்து தேடும்போது அந்த இடத்தில் வேறு படம் இருக்கலாம்.