ரத்து என்றால் எதுவரை ரத்து?

திருவேற்காடு வேதபுரீசுவரர் கோயில் பக்கம் காலையில் நாங்கள் ஐந்து பேர் நடப்பது வழக்கம். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். நடப்பது கால் மணி நேரம். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துவது முக்கால் மணி நேரம். போன வாரம் அங்கே கிளம்பிய ஒரு வாக்குவாதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் செல்போனை நீட்டினார். யாரோ அனுப்பிய செய்தி. ஒரு பொதுத் தேர்தல் செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டால், அதில் வந்த ஆட்சி போட்ட சட்டம், வரி, ஒப்பந்தம் எல்லாமே முதல் நாளிலிருந்து குப்பை என்று அதில் எழுதியிருந்தது. "பாத்தீங்களா சார், ஒரே ஒரு தீர்ப்பு வரட்டும், அத்தனையும் காலி" என்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த இன்னொரு நண்பர், "அதனாலதான் சார் எந்த ஜட்ஜும் அதுல கை வைக்க மாட்டாங்க. வெச்சா நாடே நின்னு போயிடும்" என்றார்.

ஒருவர் ஆசைப்படுகிறார், இன்னொருவர் பயப்படுகிறார். ஆனால் இருவரும் நம்புவது ஒரே தவறான விஷயத்தைத்தான். தேர்தல் போனால் அதன் கீழ் நடந்ததெல்லாம் போய்விடும் என்பது தப்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தப்பான பயத்தால் லாபம் அடைவது யார் என்பதையும் நாம் யோசிப்பதில்லை.

முதலில் 'ரத்து' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. அங்கே எங்கள் முஸ்ஸியே ஒருவர் வார்த்தை விஷயத்தில் மகா கண்டிப்பு. 'அன்யூலே' என்றால் ஆரம்பத்திலிருந்தே இல்லை என்று ஆக்குவது. 'அப்ரொழே' என்றால் இன்றிலிருந்து இல்லை என்று ஆக்குவது. மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும். நம் தமிழில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'ரத்து'. ரயிலும் ரத்து, அரசாணையும் ரத்து, பட்டாவும் ரத்து, தேர்தலும் ரத்து. குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஆரம்பத்திலிருந்தே செல்லாத ஒன்றின் கீழ் மனிதர்கள் வாழ்ந்துவிட்டால் என்ன செய்வது? என் பிள்ளைப் பருவமே அப்படிப்பட்டதுதான். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே மாதம். பிரான்ஸ் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு அது சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருஷம் நடைமுறையில் இந்தியா, சட்டத்தில் பிரான்ஸ். டி ஃபாக்டோ, டி ழூரே என்ற இரண்டு சொற்களும் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே புழங்கின. என் தங்கை பிறந்தது 1957-இல். அவள் பிறப்பை எழுதிய அதிகாரிக்குச் சட்டப்படி எந்த அரசு எஜமான் என்று யாரும் கேட்கவில்லை. அவள் பிறந்தது செல்லாது என்று சொல்ல எந்த மடையனும் வரவில்லை.

பிரான்சிலும் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. பாரிஸை ஒட்டிய மோன்ரூழ் என்ற ஊரில், முறைப்படி அதிகாரம் பெறாத நகரசபை உறுப்பினர் ஒருவர் பல கல்யாணங்களைப் பதிவு செய்துவைத்தார். விஷயம் வெளியே வந்ததும் கீழ்க்கோர்ட் அந்தக் கல்யாணம் செல்லாது என்றது. 1883-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கல்யாணம் செல்லும் என்றது. அதிகாரி மேல் தப்பு இருக்கலாம், அவரை நம்பி வந்து கையெழுத்துப் போட்ட தம்பதிகள் மேல் என்ன தப்பு? நியாயம் அவ்வளவுதான்.

நம் சட்டமும் இதையே சொல்கிறது. நம் நாட்டில் 'பொதுத் தேர்தல்' என்று மொத்தமாக ரத்து செய்ய ஒரு பொருளே கிடையாது. மக்களவைக்கு 543 தொகுதி என்றால் 543 தனித்தனித் தேர்தல். அரசியல் சட்டம் 329-ஆவது பிரிவின்படி தேர்தல் வழக்காகத்தான் கேட்க முடியும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். மொத்தத் தேர்தலையும் வருஷங்கள் கழித்து ஒரே தீர்ப்பில் தூக்கிப் போட இங்கே வழியில்லை.

ஒரு தொகுதித் தேர்தல் செல்லாது என்று ஆனாலும், அதே சட்டத்தின் 107-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. தீர்ப்புக்கு முன் அந்த உறுப்பினர் கலந்துகொண்ட அவை நடவடிக்கைகள் அந்தத் தீர்ப்பால் செல்லாமல் போகாது. அரசியல் சட்டத்தின் 100-ஆவது பிரிவும், உட்காரத் தகுதியில்லாத ஒருவர் அவையில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டது பின்னால் தெரியவந்தாலும் அவையின் நடவடிக்கை செல்லும் என்கிறது. ஜனாதிபதி தேர்தலுக்கும் 71-ஆவது பிரிவில் இதே மாதிரி பாதுகாப்பு உண்டு. பாங்க் நண்பர் ஆசைப்படுவது நடக்காது. தொழிற்பேட்டை நண்பர் பயப்படுவதும் நடக்காது.

இது ஏட்டில் மட்டும் உள்ளதல்ல. நானே பார்த்திருக்கிறேன். 2001 மே 14-ஆம் தேதி ஜெயலலிதா முதல்வராகப் பதவியேற்றார். தண்டனை காரணமாக அவருடைய வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டிருந்தன. செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை, அந்த நியமனமே செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். செய்தி வந்ததும் எங்கள் பிரிவில் ஒருவரும் கோப்பைத் தொடவில்லை. அப்பா இறந்து, கருணை அடிப்படையில் ஜூலை மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என் மேஜைக்கு வந்து நின்றது. "சார், கவர்மெண்டே செல்லாதுன்னா என் ஆர்டர் போயிடுமா சார்?" என்று கேட்டது. கண்ணில் தண்ணீர். வீட்டில் அம்மாவும் இரண்டு தம்பிகளும். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஒண்ணும் ஆகாதும்மா, போய் வேலையைப் பாரு" என்று தைரியமாகப் பொய் சொன்னேன்.

மறுநாள் பேப்பர் பார்த்தபோதுதான் நான் சொன்னது பொய்யல்ல என்று தெரிந்தது. நாலு மாதமாக மாநிலத்துக்கு முறையான முதல்வரும் அமைச்சரவையும் இல்லை என்று ஆகிறதே, அரசு செய்ததெல்லாம் கேள்விக்கு உள்ளாகுமே என்று நீதிபதிகளே யோசித்திருந்தார்கள். அரசை நம்பி நடந்த மக்கள் கெட்டுப்போகக் கூடாது என்று டி ஃபாக்டோ கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, மற்றபடி சட்டத்துக்கு உட்பட்டுச் செய்த எதுவும் இந்தத் தீர்ப்பால் மட்டும் பாதிக்கப்படாது என்று எழுதியிருந்தார்கள். முதல்வர் நியமனம் போனது, அந்தப் பெண்ணின் வேலை நின்றது. அன்றைக்கே ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். திங்கட்கிழமை நாங்கள் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டோம். நாடு நிற்கவில்லை.

ஆக, ஆளைத் தூக்கலாம், ஆட்சியின் காரியங்களைத் தூக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க 'நாடு நின்றுபோகும்' என்ற பூச்சாண்டியைக் காட்டுவது யாரைக் காப்பாற்ற?

1975-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 12-ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, 1971 ரேபரேலி தேர்தலில் பிரதமர் இந்திரா காந்தி வென்றது செல்லாது என்றார். எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் அந்தத் தீர்ப்பை ரசித்துப் படித்ததற்குக் காரணம் உண்டு. அதில் ஒரு முக்கிய அம்சம் ஒரு ராஜினாமாக் கடிதத்தின் தேதி! யஷ்பால் கபூர் என்ற அரசு அதிகாரி 1971 ஜனவரி 13-ஆம் தேதி ராஜினாமா கொடுத்தார். ஏற்றுக்கொண்ட அறிவிக்கை வந்தது 25-ஆம் தேதி. அதுவரை அவர் அரசு ஊழியர்தான், அந்த நாட்களில் தேர்தல் வேலை பார்த்தது தப்பு என்றது தீர்ப்பு. மேடை, ஒலிபெருக்கி ஏற்பாடுகளில் அரசு அதிகாரிகளைப் பயன்படுத்தியது இன்னொரு தப்பு.

அந்தத் தீர்ப்பால் எது கவிழ்ந்திருக்கும்? மன்னர் மானிய ஒழிப்பு, வங்கதேசப் போர், சிம்லா ஒப்பந்தம் எல்லாம் அந்தத் தேர்தலுக்குப் பிறகு நடந்தவைதான். ஒன்றும் கவிழாது என்று 107-ஆவது பிரிவு அன்றும் புத்தகத்தில் இருந்தது. போக வேண்டியது ஒரே ஒரு நாற்காலி. ஆனால் அவர் இல்லாவிட்டால் நாடே இல்லை என்று கோஷம் போட்டார்கள். ஜூன் 24-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பிரதமராக நீடிக்கலாம், அவையில் ஓட்டுப் போடக்கூடாது என்று நிபந்தனையோடு தடை கொடுத்தார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. ஆகஸ்டில் 39-ஆவது திருத்தம் கொண்டுவந்து, பிரதமர் தேர்தலைக் கோர்ட் கேட்கவே கூடாது என்றார்கள். நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை அடித்தது. ஆனாலும் தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டு மாற்றியிருந்ததால் அவருடைய வெற்றி நிலைத்தது. ஒரு நாற்காலிக்காக நாடே விலை கொடுத்தது.

சரி, அது பழைய கதை. இப்போது நம் மாநிலத்துக்கே வருகிறேன். 2019 மக்களவைத் தேர்தலில் தேனியில் வென்றவர் ஓ.பி. ரவீந்திரநாத், பன்னீர்செல்வம் அவர்களின் மகன். தொகுதி வாக்காளர் ஒருவர் வழக்குப் போட்டார். சொத்து விவரங்களை முழுமையாகக் காட்டாத வேட்புமனுவை ஏற்றது தப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்றது. எப்போது? 2023 ஜூலை 6. ஐந்து வருஷப் பதவியில் நாலு வருஷம் முடிந்த பிறகு. மேல்முறையீட்டுக்கு அவகாசம் தந்தார்கள், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, அவர் அவையிலேயே தொடர்ந்தார். அவர் பக்கம் நியாயமா, மனுதாரர் பக்கம் நியாயமா என்ற விசாரணைக்கு நான் வரவில்லை. எந்தப் பக்கம் இருந்தாலும், பதவிக்காலத்துக்குள் தெரியாத நியாயத்தால் தேனி மக்களுக்கு என்ன பயன்?

ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியும் அப்படியே. 2016-இல் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. தபால் ஓட்டுகளில் தலைமை ஆசிரியர் சான்றொப்பம் செல்லுமா என்பது முக்கியக் கேள்வி. மறு எண்ணிக்கை நடந்தது 2019 அக்டோபரில். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் அந்தச் சட்டமன்றமே முடிந்துவிட்டது.

இத்தனைக்கும் தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தின் 86-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 'முயல வேண்டும்' என்ற சொல்லைத் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்குகிறோம். பிரான்சில் 2022 ஜூன் தேர்தலில் மூன்று தொகுதிகளின் முடிவை அரசியல் சட்ட மன்றம் டிசம்பரிலேயே ரத்து செய்தது. ஜனவரியில் மறு ஓட்டுப்பதிவு நடந்தது. ஆப்பிரிக்காவில் மலாவி என்ற ஏழை நாடு. 2019 மே மாதம் நடந்த ஜனாதிபதி தேர்தலையே 2020 பிப்ரவரியில் கோர்ட் ரத்து செய்து, ஜூனில் மறுதேர்தலும் நடந்து, வேறு ஆள் பதவிக்கு வந்தார். அவர்களால் முடிகிறது.

என் வயிற்றெரிச்சல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெறும்போது, பதினோரு வருஷத்துக்கு முன் எனக்குப் போட்ட ஊதிய உயர்வில் தேதி தவறு என்று தணிக்கையில் கண்டுபிடித்தார்கள். கணக்குப் போட்டது நானல்ல. ஆனாலும் பணிக்கொடையிலிருந்து பதினெட்டாயிரத்துச் சொச்சம் பிடித்துக்கொண்டார்கள். கீழ்நிலை ஊழியர்களிடமும் ஓய்வு பெற்றவர்களிடமும் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அது காலம் கடந்த தீர்ப்பு. தேர்தல் செல்லாது என்று ஆன உறுப்பினரிடம் வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கேட்க 107-ஆவது பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. அவையில் கலந்துகொண்டதற்காக அவர் மேல் எந்தப் பொறுப்பும் தண்டனையும் கூடாது என்றுதான் இருக்கிறது. மக்களுக்காகப் பிடித்த குடையில் தப்பு செய்தவரும் நனையாமல் நிற்கிறார்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. ஒன்று, ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். அதற்கென்று நீதிபதிகளை ஒதுக்கி, வாய்தா இல்லாமல் தினமும் விசாரிக்கட்டும். மேல்முறையீடும் அதே வேகத்தில் முடியட்டும். இரண்டு, அந்த உறுப்பினர் கலந்துகொண்ட சட்டமும் ஓட்டும் செல்லட்டும். ஆனால் வேட்பாளரே செய்த மோசடி நிரூபணமானால் அவர் வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கட்டட்டும், ஓய்வூதியமும் கூடாது. தப்பு தேர்தல் அதிகாரியுடையது என்றால் அவரை விட்டுவிடலாம்.

தேர்தலை ரத்து செய்தால் வீடு இடியாது, குடியிருப்பவர்தான் மாறுவார். இதை நீதிபதிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை, 2001-இல் அவர்களே எழுதியதுதான். நாம் பயப்படுவதை நிறுத்தினால் போதும்.

கருணை வேலையில் சேர்ந்த அந்தப் பெண் இப்போது கண்காணிப்பாளர். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தது. "அன்னிக்கு நீங்க ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே சார், சட்டம் தெரிஞ்சா சொன்னீங்க?" என்று கேட்டது. "தெரியாமத்தாம்மா சொன்னேன்" என்றேன். இன்றைக்குக் கேட்டால் தெரிந்தே சொல்வேன்.